பதினோராம் பக்கத்துக் குத்துவிளக்கு

டொக் டொக் எண்டு கேட்டது இதுதான் பிள்ளை, பயப்பிடாதேங்கோ. புத்தகத்துக்குப் பின் அடிக்கிற மெசின். சட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறதால வெளியில நிக்கிற ஆக்களுக்கு ஆரோ கதவைத் தட்டுற மாதிரிக் கேக்கும். இருபத்திரண்டு வருசமா நான்தான் இதைக் காலால மிதிக்கிறன், எனக்கே சிலநேரம் நெஞ்சு திடுக்கிடும். குனிஞ்சு வாங்கோ, தலை கவனம். அந்த ஸ்டூலில இருங்கோ. மை கிடக்கோ எண்டு ஒருக்காத் தடவிப் பாத்திட்டு இருங்கோ, வெள்ளைச் சீலை கட்டியிருக்கிறியள்.

முதலாளி பதியுதீன் ஒம்பது மணிக்குத்தான் மாளிகாவத்தையில இருந்து வருவார். என்ர நைட் வேலை ஆறு மணியோட முடிஞ்சுது. இன்னும் வீட்டுக்குப் போகாமல் ஏன் நிக்கிறன் எண்டு கேக்காதேங்கோ, அது வேற கதை.

உங்கட பேப்பரை, நீங்கள் சட்டருக்குக் கீழால தந்திட்டு முன்கடையில பிளேன்டீ குடிச்சிட்டு வாறதுக்கிடையில வாசிச்சு முடிச்சிட்டன். அம்மான்ர பேர் சீனியம்மா. பிறந்தது அட்டன் பக்கம் ஒரு தோட்டம். கொழுந்து எடுத்தது, பிறகு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில மூண்டு வீட்டில சமைச்சது, அந்தச் சம்பளத்தில உங்களைப் படிப்பிச்சது. நல்லா எழுதியிருக்கிறியள். பிழை திருத்த ஒண்டுமில்லை. உங்கட ஆக்களிட்ட இந்தக் கல்வெட்டு அடிக்கிற வழக்கம் இல்லையே, ஆர் சொன்னது உங்களுக்கு? ஆ, வேலை செய்யிற இடத்தில. சரி, சரி. செத்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வாற சனத்துக்குச் சாப்பாட்டோட ஒரு புத்தகமும் குடுத்து விடுறது எங்கட யாழ்ப்பாணத்து ஆக்களின்ர பழக்கம். செத்தவையின்ர வரலாறு, படங்கள், சாமிப் பாட்டு. பிறகு மனுசி புலம்பல், பிள்ளையள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எண்டு ஒவ்வொருத்தரும் அழுற மாதிரிப் பாட்டு. கல்லில வெட்டினது ஒண்டுமில்லை, எழுபது கிராம் பேப்பர்தான். பேர்தான் கல்வெட்டு.

ஆனா பிள்ளை, இந்தக் கடைசிப் பந்தியில ஒரு வரி இருக்கு. அதை எடுங்கோ. ஐம்பத்திரண்டு வருசமா இந்த நாடு எங்கட அம்மாவை ஒரு மனுசியாக் கணக்கெடுக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். உண்மைதான். ஆர் இல்லையெண்டது? தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் இருந்தது உலகத்துக்கே தெரியும். உண்மையோ பொய்யோ எண்டு நான் கேக்கேல்லை. எடுங்கோ எண்டு மட்டும் சொல்லுறன்.

கோவிக்காதேங்கோ. முந்தியெண்டால் நானே இன்னும் ரெண்டு வரி கூட்டிப் போட்டிருப்பன். இப்ப முதலாளி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார், அந்தா மீற்றர் பெட்டிக்கு மேல. வாழ்க்கை வரலாறு கஸ்ரமர் தன்ர கையால எழுதி, பக்கத்துக்குப் பக்கம் ஐடென்ரிக் கார்ட் நம்பரோட கையெழுத்து வைக்கோணும். புலம்பல் பாட்டு இனி எழுதுறதில்லை. சாமிப் பாட்டு மட்டும் போடலாம், அதுவும் கோவக்காரச் சாமியளை விட்டிட்டு. கடைசி வரி முதலாளி எழுதேல்லை. பிறெடி கீழ பென்சிலால எழுதி வச்ச பகிடி. பிறெடி எண்டால் எங்கட அச்சு மெசின்காரன், கொச்சிக்கடை ஆள். பொலிஸ் வந்துபோன அண்டைக்கும் பகிடி விட்டவன் அவன் ஒருத்தன்தான்.

ஓம், பொலிஸ் வந்தது. அதைத்தான் சொல்ல வாறன்.

சாம்பவி எண்டு ஒரு பிள்ளை. உங்கட வயசுதான் இருக்கும், முப்பத்தஞ்சு முப்பத்தாறு. வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் மூண்டாம் மாடியில வீடு. புருசன் கட்டாரில. தகப்பன் சுந்தரலிங்கம், ரயில்வேயில கிளார்க்கா இருந்து பென்சன் எடுத்தவர். தை மாசம் ஒருநாள் பின்னேரம் சாய்மனைக் கட்டிலில பேப்பர் பாத்துக்கொண்டிருந்தவர், பேப்பர் நெஞ்சில கிடக்க அப்பிடியே போயிட்டார். நல்ல சாவு. அவருக்குக் கல்வெட்டு அடிக்கத்தான் அந்தப் பிள்ளை இஞ்ச வந்தவ. நீங்கள் இருக்கிற அதே ஸ்டூல்தான்.

எங்கட ஆக்கள் கல்வெட்டுப் புரூப் பாக்கிற விதம் உங்களுக்குத் தெரியாது. வரலாறு வாசிக்க மாட்டினம். பாட்டை எட்டியும் பாக்க மாட்டினம். நேரே கடைசிப் பக்கத்துக்குத்தான் போவினம். அங்கதானே பேர்கள் இருக்கு. பிள்ளையள், மருமக்கள், பெறாமக்கள், பேரப்பிள்ளையள், மச்சான்மார், சகலன்மார். ஒரு மருமகன்ர பேர் விடுபட்டாலோ, இளையவன் மூத்தவனுக்கு மேல ஏறினாலோ செத்தவீடு சண்டைவீடாப் போயிடும். ஒருக்கா ரொறொன்ரோவில இருந்து ஒரு சகலன் ரெலிபோன் எடுத்து, என்ர பேரை விட்டிட்டியே, இரு வந்து உனக்கு நான் அடிக்கிறன் கல்வெட்டு எண்டு ஏசினவர். நான் சொன்னன், அண்ணை, எனக்கு அடிக்கேக்க பேர்ப் பக்கம் கெதியா முடிஞ்சிடும், ஆக்கள் இல்லை எண்டு.

சிரிக்கிறியள். நல்லது, சிரியுங்கோ.

சாம்பவியின்ர லிஸ்டில நாப்பத்தாறு பேர். பென்சிலால ஒவ்வொரு பேருக்கும் சரி போட்டுக்கொண்டு வந்தவ. மகள் வர்ஷினியும் கூட வந்திருந்தது, எட்டு வயசு. தன்ர பேரை அச்சில கண்டிட்டு, இதை ஸ்கூலுக்குக் கொண்டு போகலாமோ அம்மா எண்டு கேட்டது. தாத்தா செத்த புத்தகத்தை ஸ்கூலுக்குக் கொண்டு போறதோ எண்டு தாய் ஏச, முதலாளி அதுக்கு ஒரு பழைய கலண்டர் எடுத்துக் குடுத்தவர். பிறகு சாம்பவி பதினாறு பக்கத்திலயும் பச்சை மையால சரி எண்டு எழுதிக் கையெழுத்து வச்சிட்டு, எழும்பேக்க என்னட்டக் கேட்டவ, அண்ணை, பாட்டுகள் நல்லா வந்திருக்குத்தானே எண்டு. நல்லா வந்திருக்கு பிள்ளை எண்டன்.

முந்நூத்தம்பது புத்தகம். சடங்கு முடிஞ்சு, சனம் சாப்பிட்டு, வெத்திலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போச்சுது. மூண்டு நாளால, சாப்பிட வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரன் பதினோராம் பக்கத்தைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில போட்டிட்டான். கெட்ட எண்ணத்தில போடேல்லை. வாசிச்சு அழுதன் எண்டு எழுதித்தான் போட்டவன். பிறகு ஆரோ அதைச் சிங்களத்தில மாத்திப் போட, அதுக்குக் கீழ ஏச்சும் பேச்சும் நாறிப்போச்சு. ஒரு கிழமைக்குள்ள முறைப்பாடு. அடுத்த கிழமை பொலிஸ் வீட்டை வந்து சாம்பவியைக் கூட்டிக்கொண்டு போயிட்டினம்.

பதினோராம் பக்கத்தில என்ன இருந்தது எண்டு கேக்கிறியளோ? மேல மருமக்கள் புலம்பல். அதில ஒரு குத்தமும் இல்லை. அதுக்குக் கீழ நாலு வரி. பாக்காமலே சொல்லுவன்.

கட்டிலில் மாண்டார்க் கெல்லாம் கல்வெட்டுத் தந்தோம் ஐயா
தட்டியே கதவைக் கூட்டிப் போனஎம் தம்பி எங்கே
பட்டியல் புரட்டிப் பார்த்தாய் பதிவிலை என்று சொன்னாய்
கெட்டதோர் அரசே உன்றன் கல்வெட்டும் எழுது வேனே

ஓசை பாத்தியளோ? அறுசீர் விருத்தம். எதுகை ஒரு இடத்தில பிசகேல்லை. நான் எட்டாம் வகுப்போட நிண்டவன் பிள்ளை. உந்தப் பாட்டுக் கட்டுற வித்தையை ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. இஞ்ச கழிச்சுப் போடுற புரூப் பேப்பரை எடுத்து, மெசின் ஓடுற நேரமெல்லாம் வாசிச்சு வாசிச்சு, எந்த இடத்தில ஓசை இடறுது எண்டு விரலால தட்டிப் பாத்துத்தான் பிடிச்சனான். கொஞ்சம் கொஞ்சமா முதலாளி என்னையே எழுதச் சொல்லிவிட்டார். ஒரு தொளாயிரம் பேருக்கு எழுதியிருப்பன். ஒரு புத்தகத்திலயும் என்ர பேர் இல்லை. கல்வெட்டில எழுதினவன்ர பேர் போடுறதில்லை, அது வழக்கம். மனுசி அழுதால் மனுசிதான் அழுறா, நான் இல்லை. கீழ, இங்ஙனம் பிரிவால் வாடும் குடும்பத்தினர் எண்டு வரும். அவ்வளவுதான்.

அதாலதான் சாம்பவியைப் பிடிச்சவை. குடும்பத்தினர் எண்டு போட்டு முதல் பேரா ஆர்ர பேர் இருக்கோ, அவதானே சொன்ன ஆள். அச்சடிக்கக் குடுத்ததும் அவதான். சடங்கில நிண்டு கையால குடுத்ததும் அவதான்.

முதல்நாள் முழுக்க ஒரே கேள்வியாம். கவுத மே மல்லி. ஆர் இந்தத் தம்பி. அந்தப் பிள்ளைக்குத் தம்பி இல்லை. மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள். அந்த வீட்டில இருந்து ஒரு பூனை கூடக் காணாமல் போகேல்லை. இல்லாத தம்பியைப் பற்றி என்னண்டு சொல்லுறது? இல்லையெண்டு சொல்லச் சொல்ல, எங்க ஒளிச்சு வச்சிருக்கிறீர், எந்த நாட்டில இருக்கிறார், எந்த இயக்கத்தில இருந்தவர் எண்டு கேள்வி நீண்டுகொண்டு போச்சுதாம். பிறகு, அரசுக்குக் கல்வெட்டு எழுதுவன் எண்டால், அரசு சாகோணும் எண்டுதானே அர்த்தம், ஆர் சாக்கொல்லப் போறது, எப்ப எண்டு. அடிக்கேல்லை, கத்தேல்லை. தண்ணி கூடக் குடுத்தவையாம். வடிவா, ஆறுதலா, திருப்பித் திருப்பிக் கேட்டவையாம்.

ரெண்டு சட்டத்தில போட்டிருக்கினம். ஒண்டு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அரசு மேல சனத்துக்கு வெறுப்பு வரப் பண்ணுறது குத்தம் எண்டு. மற்றது ஐ.சி.சி.பி.ஆர். எண்டு சொல்லுவினம். அது கதைக்கிற உரிமை, எழுதுற உரிமையைக் காப்பாத்த உலக நாடெல்லாம் சேந்து செய்த ஒப்பந்தத்தின்ர பேராம். அதின்ர பேரில வந்த சட்டத்திலதான் உள்ளுக்க வச்சிருக்கினம். அதில போட்டால் மஜிஸ்திரேட் பிணை குடுக்க ஏலாது, ஹைகோர்ட்டுக்குப் போகோணும். பதினாலு நாளைக்கு ஒருக்காக் கொண்டு வருவினம், தவணை போட்டுத் திருப்பிக் கொண்டு போவினம். பிள்ளை வர்ஷினி இப்ப அம்மம்மாவோட. அம்மா ட்ரெயினிங்குக்குப் போயிருக்கிறா எண்டு சொல்லி வச்சிருக்கினமாம். எட்டு வயசுப் பிள்ளை அதை எத்தினை நாளைக்கு நம்பும்?

இஞ்சயும் வந்தவை. ரெண்டு பேர், சிவில் உடுப்பில. ஒரு மத்தியானம். முதலாளி கதிரையில இருந்து எழும்பினவர், திரும்ப இருக்கத் தெரியாமல் நிண்டார். அவை தேத்தண்ணி குடிச்சிட்டு கொம்பியூட்டரைக் கழட்டி எடுத்துக்கொண்டு, என்னையும் முதலாளியையும் ஸ்டேசனுக்கு வரச் சொன்னவை. போற வழியில, ஆட்டோவுக்குள்ள, முதலாளி என்ர துடையில கையை வச்சுச் சொன்னார். குலம், நான் சோனகன், நீ தமிழன், ப்ரெஸ்ஸ சீல் வச்சானுவள் எண்டா நமக்கு யாரு வந்து பேசுவா? பதினொரு குடும்பம் இதில சாப்பிடுது. கஸ்டமர் தந்தத அடிச்சோம், அவ்வளவுதான், விளங்குதா? பிறகு மெதுவாக் கேட்டார், அந்தப் புள்ள சைன் வச்ச புரூப் எங்க? கிழிச்சுப் போட்டன் முதலாளி எண்டன். அல்ஹம்துலில்லாஹ் எண்டார். முகத்தில ரத்தம் திரும்ப வந்தது.

என்ர வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதினவை. நான் சிங்களம் நல்லாக் கதைப்பன், வாசிக்கத் தெரியாது. எழுதி முடிச்சிட்டு வேகமா வாசிச்சுக் காட்டினவை, ஒப்பம் வச்சனான். அதில எவ்வளவோ எழுதிக் கிடந்தது. நான் வாயால சொன்னது நாலே நாலு சொல்லு. கஸ்ரமர் தந்ததை அப்பிடியே அடிச்சனாங்கள்.

அதுக்குப் பிறகு பர்ஹா எண்டு ஒரு லோயர் பிள்ளை, சாம்பவிக்காக இஞ்ச மூண்டு தரம் வந்திட்டுது. சின்னப் பிள்ளை, இப்பதான் படிச்சு முடிச்சிருக்கும். பெரிய பைலைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்த ஸ்டூலில இருந்து, ஒரே விசயத்தைக் கேக்கும். அண்ணா, சாம்பவி அக்கா சத்தியம் பண்ணிச் சொல்றாங்க, நான் சைன் வைக்கக்குள்ள பதினோராம் பக்கத்தில பாட்டு இல்ல, குத்துவிளக்குப் படம்தான் இருந்தது எண்டு. யாருமே நம்புறாங்க இல்ல. தப்பிக்கக் கதை விடுறா எண்டுதான் நினைக்கிறாங்க. அந்தப் புரூப் ஒண்டு இருந்தாப் போதும் அண்ணா எண்டு.

குத்துவிளக்கு என்ன எண்டு கேக்கிறியளோ? அது ஒண்டுமில்லை. இந்தப் புத்தகம் எல்லாம் தாளை மடிச்சுப் பின் அடிக்கிறது. அதால பக்கம் பன்னிரண்டா வரோணும், அல்லது பதினாறா வரோணும். அவை தந்த விசயம் பதினஞ்சரைப் பக்கத்துக்குத்தான் வந்தது. அரைப் பக்கம் வெறுமையாக் கிடந்தால் சாவீட்டுக்காரர் குறை சொல்லுவினம். அதுக்கெண்டே கொம்பியூட்டரில படங்கள் வச்சிருக்கிறம், தாமரைப்பூ, குத்துவிளக்கு, ஒரு சோடிப் புறா. சேர்ச்சுக்குப் போற வேதக்கார ஆக்களுக்குப் புறா. சுந்தரலிங்கத்தாருக்கு விளக்குப் போட்டனான்.

ஓம், புரூப்பில விளக்குத்தான் இருந்தது.

என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ பிள்ளை.

அவ கையெழுத்து வச்சிட்டுப் போனது மாசி பதினேழு. அச்சடிக்கிற பிளேட்டுக்கு அனுப்பினது அடுத்தநாள், பதினெட்டு. மாசி பதினெட்டு எனக்கு ஒரு கூடாத நாள். ரெண்டாயிரத்து எட்டில, அந்தத் திகதியில, வெள்ளவத்தையில நாங்கள் இருந்த லொட்ஜில கதவைத் தட்டி என்ர தம்பி தர்ஷனைக் கேட்டவையாம். உடைக்கேல்லை, உதைக்கேல்லை. பக்கத்து அறைக்காரர் சொன்னவர், டொக் டொக் எண்டு மரியாதையாத்தான் தட்டினவை எண்டு. தர்ஷன் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். கையைக் கழுவிட்டு ஐடென்ரிக் கார்டை எடுத்துக்கொண்டு போனவன். இருபத்து நாலு வயசு. ரெலிபோன் எடுக்கிற கொமினிக்கேசன் கடையில நிண்டவன், கள்ளம் கபடம் தெரியாதவன். நான் இஞ்ச நைட் வேலைக்கு வந்திருந்தன். வராட்டில் ரெண்டு பேரையும் கொண்டு போயிருப்பினம், அல்லது ரெண்டு பேரையும் விட்டிருப்பினம். அதுக்குப் பிறகு நான் பகல் வேலை கேக்கேல்லை. இருட்டின பிறகு ஒரு அறைக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு படுக்க என்னால ஏலாது.

ஏறாத ஒபிஸ் இல்லை. குடுக்காத போட்டோ இல்லை. எல்லா இடத்திலயும் ஒரு பெரிய கொப்பியைப் புரட்டுவினம், விரலால கீழ மட்டும் பாப்பினம், பதிவில இல்லை எண்டுவினம். கடைசியா, மரணச் சான்றிதழ் தாறம் வாங்கிக்கொண்டு போங்கோ எண்டவை. அம்மா மாட்டன் எண்டுட்டா. எண்பத்தொரு வயசு, வவுனியாவில தங்கச்சியோட இருக்கிறா, இண்டைக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் ரெலிபோன் எடுத்தால் முதல் கேள்வி, தம்பி எடுத்தவனோ எண்டதுதான். அப்ப சாவும் இல்லை. சாவில்லையெண்டால் திதி இல்லை, திதியில்லையெண்டால் முப்பத்தொண்டு இல்லை. கல்வெட்டின்ர முதல் பாட்டே செத்த திதியை வச்சுத்தான் கட்டுறது. ஊரில உள்ள சகலன்மாருக்கெல்லாம் எழுதினவன், என்ர கூடப்பிறந்தவனுக்கு ஒரு வரி எழுத வழியில்லை.

அண்டைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கொண்டிருக்க, அந்த விளக்குப் படம், அது சும்மா இடத்தை நிரப்ப எரிஞ்சுகொண்டு கிடந்தது பிள்ளை. வாசிக்க மாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருசமா ஒருத்தரும் பாட்டு வாசிச்சதில்லை. முந்நூத்தம்பது வீட்டில, அலுமாரிக்கு மேல, சாமித்தட்டுக்குக் கீழ, அவனும் ஒரு மூலையில கிடக்கட்டும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான் நினைச்சன். விளக்கை அழிச்சிட்டு அந்த நாலு வரியையும் போட்டன். பத்து நிமிசம் கூட ஆகேல்லை. எத்தினையோ வருசமா மனசுக்குள்ள கட்டி வச்சிருந்த பாட்டுத்தானே.

ஒருத்தன் வாசிச்சிட்டான்.

எழும்பாதேங்கோ. ஒரு நிமிசம் இருங்கோ. இந்த மேசை லாச்சியைத் திறக்கிறன், பாருங்கோ. அடியில, கலண்டர் மட்டைக்குக் கீழ. இந்தா. மேல மருமக்கள் புலம்பல், கீழ குத்துவிளக்கு, அஞ்சு திரியும் எரியுது. பக்கத்தில பச்சை மையில, சரி, சாம்பவி, திகதி. கிழிச்சுப் போட்டன் எண்டு முதலாளிக்குச் சொன்னனான். பர்ஹாப் பிள்ளைக்கும் அதையேதான் சொன்னனான், மூண்டு தரமும், முகத்தைப் பாத்து. கிழிக்கத்தான் எடுத்தனான். கை வரேல்லை. வெளியில எடுத்துக் காட்டவும் கை வரேல்லை. மூண்டு மாசமா இது லாச்சிக்குள்ள கிடக்கு, அவ அங்க கிடக்கிறா.

சாட்டுச் சொல்லோணுமெண்டால் அம்மா இருக்கிறா, முதலாளி இருக்கிறார், பதினொரு குடும்பம் இருக்கு. எல்லாம் உண்மைதான். ஆனா உண்மையிலயும் உண்மை, எனக்குப் பயம். கவுத மே மல்லி எண்டு கேட்டால் என்னட்ட மறுமொழி இருக்கு. அதுதான் பயம். அவவுக்கு இல்லாத தம்பி எனக்கு இருக்கிறான். அந்த அறைக்குள்ள அவன்ர பேரைச் சொன்னால், பிறகு நானும் கொப்பியில இல்லாத ஆளாப் போயிடுவன்.

இண்டைக்கு அஞ்சாம் தவணை. ஒம்பதரைக்கு, புதுக்கடைக் கோட்டில. இஞ்சயிருந்து நடந்தாலே இருபது நிமிசம். அந்தா, கொழுவியில தொங்குது வெள்ளைச் சேட்டு. ஒவ்வொரு தவணைக்கும் தோய்ச்சு, அயன் பண்ணிக் கொண்டு வந்து கொழுவி வைக்கிறன். அதாலதான் வீட்டுக்குப் போகாமல் நிக்கிறன்.

நீங்கள் எந்தப் பக்கமாப் போறியள்? கொள்ளுப்பிட்டிக்கோ. புதுக்கடையால இறங்கிப் போனால் ஒரு பெரிய சுத்து இல்லை. பர்ஹாப் பிள்ளை கேற்றடியில நிக்கும், கறுப்புக் கோட்டு, பச்சைப் பர்தா, கையில பெரிய பைல். ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. இதை ஒரு என்வலப்பில போட்டுத் தாறன், கையில குடுத்திட்டு நீங்கள் உங்கட பாட்டில போகலாம். பிடியுங்கோ. ஓம், மடிக்காமல் பிடியுங்கோ...

இல்லை. தாங்கோ. திருப்பித் தாங்கோ எண்டுறன். அங்க உங்களைத்தான் பிடிச்சு நிப்பாட்டுவினம். ஆர் தந்தது, நீர் ஆர், என்ன தொடர்பு, ஐடென்ரிக் கார்ட் எங்க எண்டு. அம்மா செத்து இருபது நாளாகேல்லை உங்களுக்கு. நான் எழுதினதுக்கு ஒரு பொம்பிளை உள்ள இருக்கிறது காணாதெண்டு இன்னொருத்தியை அனுப்பப் பாக்கிறன். பாத்தியளோ என்ர புத்தி போற போக்கை.

என்ன, உங்கட பேப்பரைக் கேக்கிறியள்? இந்தா. வேற அச்சகத்துக்குக் கொண்டு போகப் போறியளோ? இல்லையோ. பேனை வேணுமோ? அந்த வரியை வெட்டப் போறியள் போல.

வெட்டேல்லை. கையெழுத்து வைக்கிறியள். அந்த வரிக்குப் பக்கத்திலயே வைக்கிறியள்.

சரி. முதலாளியோட நான் கதைக்கிறன். பேரையும் முழுசா எழுதிவிடுங்கோ பிள்ளை, வாசிக்கக் கூடியதா. ரதி. சீனியம்மாவின் மகள். நல்லது. அப்பிடியே இருக்கட்டும்.

எட்டேகாலாச்சு. இந்தப் புத்தகம் இன்னும் நூத்தியிருவது கிடக்கு, பத்து மணிக்குச் சாவீட்டுக்காரர் எடுக்க வருவினம். அரை மணித்தியால வேலை. இதை அடிச்சு முடிச்சு, முகத்தைக் கழுவி, சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் ஒம்பதரைக்கு முதல் கேற்றடியில நிக்கலாம். நிப்பன். போன நாலு தவணையும் இதையேதான் சொன்னனான். எண்டாலும் நிப்பன்.

அந்தப் புத்தகக் கட்டை இஞ்சால தள்ளிவிடுங்கோ பிள்ளை. மடிப்பு என்ர பக்கம் பாக்க. ஓம், அப்பிடித்தான். சத்தம் கேக்கும், திடுக்கிடாதேங்கோ.